மால்டாவில் முதல் ஸ்கூபா: எங்கே தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

மத்தியதரைக் கடலில் ஸ்கூபா டைவிங் தொடங்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பெயர் மால்டா. கிரேக்கத்திலும் இத்தாலியிலும் குரோவேஷியாவிலும் அருமையான இடங்கள் உண்டு. ஆனால் புதிதாக வருபவருக்கு மால்டாவில் அலைச்சல் குறைவு. சிசிலிக்குத் தெற்கே மால்டா, கோசோ, கொமினோ என்ற மூன்று தீவுகள். எல்லாம் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர்தான். ஒரு கரையில் அலை தூக்கி அடித்தால் வண்டியைத் திருப்பி எதிர்க்கரைக்குப் போய்விடலாம். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் பயிற்சியாளர் சொல்வது புரியாமல் தலையாட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான டைவ்கள் கரையிலிருந்தே இறங்குபவை. படகில் வாந்தி எடுப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. சேறு கொண்டுவரும் ஆறுகள் இல்லாத சுண்ணாம்புக்கல் தீவுகள் என்பதால் தண்ணீருக்கடியில் 20, 30 மீட்டர் தூரம்கூடத் தெளிவாகத் தெரியும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. இணையத்தில் மால்டா டைவிங் என்று தேடினால் வரும் படங்களில் பாதிக்கு மேல் 30 மீட்டருக்கும் கீழே கிடக்கும் கப்பல்கள், அல்லது தலைக்கு மேல் பாறை மூடிய குகைகள். முதல்முறை போகிறவர் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான், சில சமயம் ஆபத்தும். அதனால் இடங்களைப் பெயரை வைத்துப் பார்க்காமல் ஆழத்தை வைத்துப் பாருங்கள். எந்த நாளில் எந்த இடம் என்பதைக் காற்று தீர்மானிக்கட்டும். இந்த இரண்டும் பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

இன்னொன்று, அந்தமானையோ மாலத்தீவையோ பார்த்துவிட்டு வருபவர்களுக்கு: இங்கே வண்ணப் பவளத்தோட்டம் கிடையாது, சுறாக் கூட்டமும் கிடையாது. பாறைச் சுவர்கள், வளைவுகள், குகைகள், கடற்புல் படுகைகள், மூழ்கிய கப்பல்கள். இவற்றுக்காகத்தான் மால்டாவுக்கு வருகிறார்கள்.

1. உங்கள் எல்லை எத்தனை மீட்டர்?

சான்றிதழ் எதுவும் இல்லாதவர் பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும் அறிமுக டைவ் ஒன்று உண்டு. பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி அதற்கு 12 மீட்டர்தான் எல்லை. நீச்சல் தெரியாதவர்களையும் சில மையங்கள் இதில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரைக் கண்டாலே பயம் என்றால் முதலில் ஊரில் ஒரு நீச்சல்குளத்தில் இரண்டு வாரம் ஊறிவிட்டு வருவதுதான் நல்லது.

அடுத்தது ஓப்பன் வாட்டர் படிப்பு. எல்லை 18 மீட்டர். பாடி, எஸ்எஸ்ஐ என்று எந்த அமைப்பில் படித்தாலும் சாரம் ஒன்றுதான்: கொஞ்சம் பாடம், ஆழமில்லாத நீரில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். இதற்கு நீச்சல் தெரிய வேண்டும். 200 மீட்டர் நிற்காமல் நீந்தி, 10 நிமிடம் மிதந்து காட்டச் சொல்வார்கள். வேகம் பார்க்க மாட்டார்கள். அதற்கு மேலே அட்வான்ஸ்டு படிப்பு, எல்லை 30 மீட்டர்.

விடுமுறை நாட்களை வகுப்பறையில் தொலைக்க மனமில்லையா? பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு, கடல் டைவ்களை மட்டும் மால்டாவில் செய்யும் ரெஃபரல் முறை இருக்கிறது. என்னைக் கேட்டால் இதுவே சிறந்த வழி. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் பதறாமல் மூக்கால் ஊதி வெளியேற்றும் பழக்கம் குளத்திலேயே வந்துவிட்டால், கடலில் கவனம் மீன் மேல் இருக்கும்.

2. எந்த மாதம்

செப்டம்பர், அக்டோபர். கோடை முழுக்கச் சூடேறிய கடல் இன்னும் ஆறியிருக்காது, கூட்டம் குறைந்திருக்கும். ஆகஸ்டில் மேற்பரப்பு நீர் 26, 27 டிகிரி வரை போகும். பிப்ரவரி, மார்ச்சில் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். நம் ஊர்க் கடலில் 28 டிகிரியில் இறங்கிப் பழகியவருக்கு 15 என்பது விளையாட்டில்லை. வெட்சூட் என்ற ரப்பர் உடையை 7 மில்லிமீட்டர் தடிமனில் தலைமூடியோடு போட்டாலும் இரண்டாவது டைவில் பல் தந்தியடிக்கும். மே, ஜூனில் வெயில் சுள்ளென்று அடிக்கும், கடல் மட்டும் குளிர்ந்தே கிடக்கும். கரையில் நிற்கும் வெயிலைப் பார்த்து மெல்லிய சூட்டை எடுத்துவிடாதீர்கள். கோடையிலும் 20 மீட்டருக்குக் கீழே போகும்போது சட்டென்று ஒரு குளிர்ந்த அடுக்குக்குள் நுழைவீர்கள்.

3. கிளம்புமுன் முடிக்க வேண்டியவை

மால்டா ஷெங்கன் நாடு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும்; பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். விசாவுக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அது ஸ்கூபாவை உள்ளடக்குகிறதா, எத்தனை மீட்டர் வரை? பல திட்டங்கள் இதைப் பொடி எழுத்தில் விலக்கிவைத்திருக்கும். டைவர்களுக்கென்றே தனிக் காப்பீடு தரும் டான் போன்ற அமைப்புகள் உண்டு.

உடல்நலப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை, வலிப்பு, கர்ப்பம் என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். முக்கியமான கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். அந்தப் படிவத்தை மின்னஞ்சலில் முன்கூட்டியே வாங்கி, தேவைப்பட்டால் ஊரிலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அங்கே போய் மருத்துவரைத் தேடினால் ஒரு நாள் போய்விடும். பொய்யாக ‘இல்லை’ போடுவது மட்டும் வேண்டாம்.

கண்ணாடி போடுபவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேட்டு எழுதுங்கள். அப்புறம் மீசை. இதை எந்தக் கையேடும் நமக்காக எழுதுவதில்லை. மாஸ்க்கின் ரப்பர் ஓரம் மூக்குக்குக் கீழே, மேலுதட்டில் பதிய வேண்டும். அடர்ந்த மீசை அங்கே இடைவெளி விடும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டே இருக்கும். மீசையின் மேல் விளிம்பை மூக்கை ஒட்டி ஒரு மெல்லிய கோடு அளவுக்கு மழித்தால் போதும், முறுக்கு கெடாது.

4. டைவ் மையத்தைத் தேர்வது

டைவ் மையங்களுக்கு உரிமம் தருவது மால்டா சுற்றுலா ஆணையம். உரிமம் உள்ளதா என்று பாருங்கள். அதற்கடுத்து நான் கேட்கும் கேள்வி விலை அல்ல, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்பது. புதியவர்களுக்கு இரண்டு, மூன்று பேர் என்றால் நல்லது. விலை கேட்கும்போது சிலிண்டர், கருவி வாடகை, வண்டி, வழிகாட்டி, கோசோ படகுக் கட்டணம் இவற்றில் எவை சேர்ந்தவை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு விலைகள் கடைசியில் வேறு வேறாக முடிவது இங்கேதான்.

பணம் கட்டும்போது “குறிப்பிட்ட இடத்துக்குக் கட்டாயம் கூட்டிப்போவோம்” என்று உறுதி கொடுக்கும் மையத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். நல்ல மையம் “காலையில் காற்றைப் பார்த்துச் சொல்கிறோம்” என்றுதான் சொல்லும்.

எங்கே தங்குவது? பரபரப்பும் கடைகளும் வேண்டுமென்றால் மால்டாவின் வடக்குப் பகுதி. டைவ் மட்டுமே நோக்கம் என்றால் கோசோ. சிறிய தீவு, அமைதி, எந்த இடத்துக்கும் சீக்கிரம் போய்விடலாம். மால்டாவின் வடமுனையான சிர்கெவ்வாவிலிருந்து கோசோவின் இம்ஜார் துறைமுகத்துக்கு 25 நிமிடப் படகுப் பயணம். போகும்போது கட்டணம் இல்லை, திரும்பும்போதுதான் வாங்குவார்கள். கார் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, அங்கேயும் சாலையில் இடப்பக்கம்தான்.

5. காற்று எங்கிருந்து வீசுகிறது?

மத்தியதரைக் கடலில் ஓதம் ஏறுவதும் இறங்குவதும் மிகக் குறைவு. அலையை எழுப்புவது காற்றுதான். மால்டாவில் அதிகம் வீசுவது வடமேற்குக் காற்று. உள்ளூரில் மஜ்ஜிஸ்ட்ரால் என்பார்கள். அது பலமாக அடிக்கும் நாளில் சிர்கெவ்வாவும் கோசோவின் மேற்குக் கரையும் கொந்தளிக்கும். கோசோவின் தென்கிழக்குப் பக்கமுள்ள சிறு குடாக்களோ குளம்போல் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வருவது க்ரெகால். அப்போது தலைநகர் வல்லெட்டா பக்கம் போகக் கூடாது, ஆர் லாப்சி, சுரீக் முதலிய தெற்குக் கரைகளே கதி. விவிலியத்தில் பவுல் வந்த கப்பலைப் புரட்டியெடுத்துக் கடைசியில் மெலித்தா தீவில் மோதவைத்ததும் இந்த வடகிழக்குக் காற்றுதான் என்பார்கள். அந்த மெலித்தாதான் மால்டா. தென்கிழக்கிலிருந்து ஷ்லொக் வீசினால் வடக்குக் கரைகளைப் பார்த்து வண்டியை விடுங்கள்.

காற்று நின்ற மறுநாளும் கடல் உடனே அடங்காது. கரைக்கு வந்ததும் கருவிகளை மாட்டுவதற்கு முன்னால் சும்மா ஐந்து நிமிடம் நின்று, நீங்கள் ஏறிவர வேண்டிய இடத்தைப் பாருங்கள். இறங்குவது எளிது. களைத்துப்போய், முதுகில் சிலிண்டரோடு, அலை அடிக்கும் ஏணியைப் பிடித்து ஏறுவதுதான் கடினம். அங்கே வெள்ளை நுரை பறந்தால் அன்றைக்கு வேறு இடம்.

6. தொடங்க ஏற்ற இடங்கள்

மால்டாவின் தென்மேற்கில் உள்ள ஆர் லாப்சியில் பாறைகளுக்கு நடுவே இயற்கையாக அமைந்த ஒரு குளம் இருக்கிறது, சிறுவர்கள் நீந்திக்கொண்டிருப்பார்கள். அதிலேயே பயிற்சி முடித்துவிட்டு, மெதுவாக வெளியே பாறைச்சுவரை ஒட்டிப் போகலாம். ஆழம் 15 மீட்டரைச் சுற்றித்தான். பாறைக்குள் புகுந்து வெளியேறும் ஒரு ஆழமற்ற குகைப்பாதையும் உண்டு. வெளிச்சம் பல இடங்களில் உள்ளே விழும். பயிற்சியாளர் சரி என்றால் மட்டும் அதற்குள் போங்கள்.

கோசோவில் இம்ஜார் இஷ்-ஷீனி என்ற ஒடுங்கிய குடா. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே மணலும் கடற்புல்லும். பெயர்பெற்ற இடமில்லை, ஆனால் நின்று நிதானமாகப் பார்ப்பவருக்கு நிறைய இருக்கும். பொசிடோனியா என்ற அந்தக் கடற்புல் மத்தியதரைக் கடலுக்கே உரியது. அதன் ஓரத்தில் கணவாய் நிறம் மாற்றிக்கொண்டிருக்கும். பாறைப் பொந்துக்கு வெளியே சிப்பி ஓடுகள் குவிந்து கிடந்தால் உள்ளே ஆக்டோபஸ் இருக்கிறது என்று அர்த்தம். பொறுமை இருந்தால் கடல்குதிரைகூடக் கண்ணில் படும். புல்லை மிதிக்காமல், பிடுங்காமல் மேலே மிதந்துகொண்டே பார்க்க வேண்டும். முதல் நாட்களில் மிதவைச் சமநிலை, அதாவது மேலெழாமலும் கீழிறங்காமலும் ஒரே ஆழத்தில் நிற்பது, பழக இதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

கப்பல் பார்க்காமல் மால்டாவிலிருந்து திரும்ப முடியாது என்பவர்களுக்கு இரண்டு இருக்கின்றன. ஒன்று வல்லெட்டாவில், செயின்ட் எல்மோ கோட்டைக்கு அருகே கிடக்கும் மாவோரி. பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை வேட்டையாடிய பிரிட்டிஷ் கப்பல்களில் ஒன்று. 1942 பிப்ரவரி 12 அன்று துறைமுகத்தில் நின்றிருந்தபோது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. பிறகு துறைமுகத்தை விட்டு நகர்த்தி, இப்போதைய இடத்தில் போட்டார்கள். சுமார் 15 மீட்டர் ஆழம். முழுக் கப்பலை எதிர்பார்க்காதீர்கள். மணலில் புதைந்த முன்பாதியும் துருப்பிடித்த தகடுகளும்தான். தண்ணீரும் மற்ற இடங்களைவிடச் சற்றுக் கலங்கலாக இருக்கும். ஆனால் நிஜமான போர்க்கப்பல், ஓப்பன் வாட்டர் எல்லைக்குள்.

மற்றொன்று கொமினோவுக்கு அருகே உள்ள பி31. கிழக்கு ஜெர்மனி கட்டிய கண்ணிவாரிக் கப்பல், பிறகு மால்டாவின் ரோந்துக்கப்பல், 2009இல் டைவர்களுக்காகவே மூழ்கடிக்கப்பட்டது. 20 மீட்டருக்குள் வெண்மணல் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. தளத்தின் மட்டத்திலேயே சுற்றி வந்தால் 18ஐத் தாண்ட வேண்டியதில்லை. இதற்குப் படகு தேவை. அதே பயணத்தில் சாந்தா மரிஜா குகைகளையும் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

7. கொஞ்சம் கை தேறிய பிறகு

கோசோவின் மேற்குக் கரையில் ட்வெய்ரா. அஸுர் விண்டோ என்று உலகமே படம்பிடித்த பாறை வளைவு இங்கேதான் இருந்தது. 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் விழுந்துவிட்டது. அதன் பக்கத்தில் இருக்கும் ப்ளூ ஹோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாறைத் தளத்துக்குள் சுமார் 10 மீட்டர் அகலத்தில் ஒரு கிணறு. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கருவிகளைச் சுமந்துகொண்டு கூரான பாறைகள் மேல் நடக்க வேண்டும். தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸும், அதன் மேல் மாட்டும் பட்டை வைத்த ஃபின்ஸும் (கால் துடுப்புகள்) ஏன் இங்கே எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்று அப்போது புரியும். கிணற்றுக்குள் இறங்கினால் 8 மீட்டர் அளவில் கடல் பக்கம் ஒரு பெரிய வளைவு திறக்கிறது. நிழலான கிணற்றிலிருந்து அந்த வளைவைத் தாண்டும்போது எதிரே நீலம் தவிர எதுவும் இருக்காது, கீழே தரையும் தெரியாது. அந்த இடத்தில்தான் புதியவர்கள் தங்களை அறியாமல் ஆழத்துக்கு நழுவுகிறார்கள். பார்வை வளைவில் இருக்கட்டும், ஆனால் இரண்டு மூச்சுக்கு ஒருமுறை கையில் உள்ள, ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரையும் பாருங்கள்.

அருகிலேயே இன்லண்ட் சீ என்ற சிறு உப்பங்கழி. மலைக்குள் சுமார் 80 மீட்டர் நீளச் சுரங்கம் வழியே கடலுக்குப் போகும் பாதை. மேலே சுற்றுலாப் படகுகள் போய்வந்துகொண்டிருக்கும். சுவரை ஒட்டியே போக வேண்டும், நடுவில் மேலே எழக் கூடாது. இது இருபது, முப்பது டைவ் செய்தவர்களுக்கு.

சிர்கெவ்வாவில் ஒரே கரையிலிருந்து பல டைவ்கள் செய்யலாம். பாறை இடுக்கில் வைத்த மாதா சிலை 18 மீட்டரில், ஓப்பன் வாட்டருக்குப் போதும். 1992இல் மூழ்கடித்த ரோஸி என்ற இழுவைப் படகும், 2007இல் மூழ்கடித்த பி29 ரோந்துக்கப்பலும் 36 மீட்டர் அளவில் தரைதட்டிக் கிடக்கின்றன. அட்வான்ஸ்டு படித்தவர் மேல்தளங்களைச் சுற்றிப் பார்க்கலாம், அடிவரை போக முடியாது.

சுரீக் அருகே கிடக்கும் உம் எல் ஃபரூத் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. நீளம் நூறு மீட்டரைத் தாண்டிய லிபிய எண்ணெய்க் கப்பல். 1995 பிப்ரவரியில் மால்டாவின் கப்பல் பட்டறையில் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது வெடித்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். 1998இல் கடலில் இறக்கினார்கள். பின்னால் ஒரு குளிர்காலப் புயலில் இரண்டாக உடைந்தது. கரையிலிருந்து நீந்திப்போய், ஆழத்தில் சுற்றிவிட்டு, மீதிக் காற்றை வைத்துத் திரும்பி நீந்த வேண்டும். முதல் பயணத்தில் இதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. எந்தக் கப்பலிலும் உள்ளே நுழைவது தனிப் பயிற்சி. கதவு திறந்து கிடக்கிறது என்பதற்காகப் போகக் கூடாது.

8. தண்ணீரில் இறங்கும் நாள்

உங்களை மூழ்கவைக்கும் ஈய எடைதான் முதல் வேலை. மத்தியதரைக் கடலில் உப்பு அதிகம், போடும் சூட்டும் தடிமன். இரண்டுமே உங்களை மேலே தூக்கும். அந்தமானில் நான்கு கிலோ ஈயம் போதுமென்று இருந்தவருக்கு இங்கே கூடுதலாக வேண்டியிருக்கும். கரையோரத்திலேயே சோதித்துப் பாருங்கள்: சாதாரணமாக மூச்சைப் பிடித்தால் கண் மட்டத்தில் மிதக்க வேண்டும், விட்டால் மெல்ல இறங்க வேண்டும்.

காது அடுத்தது. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைவிட இரண்டு மடங்கு. அந்த முதல் 10 மீட்டரில்தான் காது அதிகம் தொல்லை தரும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும். திறக்கவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. மூக்கடைப்பு மாத்திரையின் பலம் தண்ணீருக்குள் இருக்கும்போது தீர்ந்துவிட்டால், ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும்.

சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) காற்று இருக்கும். 100 வரும்போது பயிற்சியாளருக்குக் கைசாடை காட்டுங்கள். கரைக்கு வரும்போது 50 மிச்சமிருக்க வேண்டும். ஏறும்போது அவசரமே வேண்டாம், மூச்சை ஒருபோதும் அடக்க வேண்டாம், 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். ஊதா நிறச் சொறிமுட்டைகள் சில நாட்கள் கூட்டமாக வரும். தொட்டால் சுரீரென்று எரியும். வெள்ளை மயிர் சிலிர்த்த நெருப்புப் புழுவையும் கையால் தொடாதீர்கள். பானைத்துண்டோ பழைய குண்டோ கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். தொன்மப் பொருளை எடுப்பது அங்கே குற்றம். குண்டைத் தொடுவது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலே வந்த பிறகு மூட்டுவலி, மரத்துப்போதல், வழக்கமில்லாத அசதி என்று ஏதாவது தோன்றினால் “தூங்கினால் சரியாகிவிடும்” என்று படுத்துவிடாதீர்கள். உடனே மையத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 112 என்ற அவசர எண்ணை அழையுங்கள். மாட்டெர் தெய் மருத்துவமனையில் அழுத்த அறைச் சிகிச்சை உண்டு.

9. விமானத்துக்கு முந்தைய நாள்

பல டைவ்கள் செய்தவர் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். நடைமுறையில் ஒரு முழு நாளை ஒதுக்கிவைப்பதுதான் சுலபம். பயணச்சீட்டு எடுக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். அந்த நாளில் வல்லெட்டாவைச் சுற்றலாம். வெட்சூட்டையும் பூட்ஸையும் முந்தின நாள் மாலையே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் எடையும் கூடும், ஊருக்கு வந்து திறக்கும்போது வீட்டில் ஒருவரும் பக்கத்தில் வர மாட்டார்கள்.